“ஒருக்காச் சொன்னனான்தானே, தம்பி”

வாசகர் கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் உள்ளூர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 29. தை மாதம் கள இணைப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்தது. மூன்று சிறு குளங்களைத் திருத்தும் செயற்றிட்டம். என்னோடு எட்டுப் பேர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் (ரீ.ஓமார்), நான்கு சமூக ஊக்குவிப்பாளர்கள், கணக்காளர், சாரதி. ஊக்குவிப்பாளர்களில் மூத்த அக்கா மீள்குடியேற்றக் காலத்திலிருந்து இங்கே இருக்கிறா. இந்தப் பதவி தனக்குத்தான் என்று நினைத்திருந்தவ என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டா. ரீ.ஓமாருக்கும் ஊக்குவிப்பாளர்களுக்கும் ஒத்துவராது. “சனத்தைக் கூட்டித் தருகிறார்கள் இல்லை” என்று அவர்கள். “சனத்தோடு கதைக்கத் தெரியாது” என்று இவர்கள். ரீ.ஓமார் வெள்ளி மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மே 20ஆம் திகதி நிதி வழங்குநர்கள் வந்தார்கள். அந்தக் கிழமை லீவு கேட்ட மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கொடுத்து, மூத்த அக்காவுக்கு மட்டும் மறுத்தேன். வந்தவர்கள் பார்த்தபோது, அறிக்கையில் 80 வீதம் என்று போட்டிருந்த துருசு (குளத்து மதகு) வேலை பாதிகூட முடியவில்லை. பொருளெல்லாம் எப்போதோ வாங்கி இறக்கியாயிற்று. எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் “ஓம் மிஸ், பிரச்சினை இல்லை” என்பதுதான் பதில். இது குழுவின் ‘கொந்தளிப்புக் கட்டம்’, தானாகக் கடந்துபோகும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். போகுமா? மூத்த அக்காவை வேறு செயற்றிட்டத்துக்கு மாற்றிவிடலாமா? எல்லாரையும் ஒருநாள் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் சரிவருமா?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் தருகிறேன். அதற்கு முதல், போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன இரண்டு விசயங்களைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று, பொருளெல்லாம் எப்போதோ வாங்கி இறக்கியாயிற்று என்றது. மற்றது, அந்த லீவு.

அந்த 80 வீதத்தை யார் எழுதியது, யார் பொய் சொன்னது என்று இதற்குள் பலதரம் யோசித்திருப்பீர்கள். ஒருவரும் பொய் சொல்லாமலே அந்த எண் வந்திருக்கலாம். சீமெந்து, கம்பி, கல், மணல் எல்லாம் வந்து இறங்கினால் துருசுக்கென்று ஒதுக்கிய காசில் பெரும்பங்கு முடிந்துவிடும். கணக்காளரைக் கேட்டால் 80 வீதம் என்பார். அவருடைய புத்தகத்தில் அது உண்மை. ரீ.ஓவைக் கேட்டால் சுவர் அரைவாசி என்பார், அதுவும் உண்மை. மாத அறிக்கையில் ‘முன்னேற்றம்’ என்று ஒரேயொரு பெட்டி இருந்தால், முதலில் கைக்கு எட்டிய எண் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். காசின் வீதம் வேலையின் வீதமாகிவிடும். இதைப் பல செயற்றிட்டங்களில் கண்டிருக்கிறேன், என் கையாலும் எழுதியிருக்கிறேன்.

இனி வீதம் கேட்கவே வேண்டாம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். துருசுக்கு அடிக் கொங்கிறீற் போட்டாச்சா? பக்கச் சுவர் எத்தனை அடி எழும்பியிருக்கிறது? கதவு பொருத்தியாச்சா? குளக்கட்டுக்கு எத்தனை படை மண் போட்டு உருட்டியாச்சு? இதற்கு ஓம், இல்லை, இத்தனை என்றுதான் பதில் வரும். காசுக்கணக்கைத் தனிப் பெட்டியில் போடுங்கள். நிதி வழங்குநரின் படிவத்தில் ஒரு பெட்டிதான் இருக்கிறதென்றால், கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

அப்படியென்றால், சுவர் அரைவாசிதான் என்று தெரிந்த அந்த ரீ.ஓ, 80 என்ற எண்ணைப் பார்த்தபோது ஏன் வாய் திறக்கவில்லை? சீமெந்து மூட்டை மூட்டையாகக் கிடப்பதைத் தினமும் கண்ட சாரதி ஏன் சொல்லவில்லை? உங்கள் கடிதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியில் சொன்ன கட்டங்கள் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் எழுதியவை. கூடுதல், கொந்தளித்தல், ஒழுங்குக்கு வருதல், வேலை செய்தல் என்று நான்கு. அவர் பெரும்பாலும் உளச்சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அதை எழுதினார். குளக்கட்டு வேலைக்கு அது கடிகாரம் மாதிரி ஓடாது. அதோடு, உங்கள் குழுவில் கொந்தளிப்பு எங்கே இருக்கிறது? முந்தி ரீ.ஓமாரும் ஊக்குவிப்பாளர்களும் உங்களிடம் வந்து ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். இப்போது அதுகூட இல்லை. எனக்குப் பயம் தருவது அந்த “பிரச்சினை இல்லை” தான்.

1990களில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் வைத்தியசாலைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு மறுபக்கமாக வந்தது. நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பதிவான பிழைகள் கூட. துருவிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் நடந்த பிழையை வாய்விட்டுச் சொல்கிறார்கள், மற்றவற்றில் மூடி மறைக்கிறார்கள் என்பது விளங்கியது. 1999இல் இதற்கு உளப் பாதுகாப்பு என்ற பெயரில் விரிவான விளக்கம் எழுதினார். பெயர் கிடக்கட்டும். உங்கள் கந்தோரில் ஒரு மாதமாகக் கெட்ட செய்தியே வரவில்லையென்றால், குளத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறதென்று எண்ணிவிடாதீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். 2012. நான் ஒரு வீட்டுத்திட்டத்தில் மேற்பார்வையாளர். அந்தக் காலத்து வீட்டுத்திட்டங்களில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகத்தான் வரும். அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த தவணை. சனம் தாங்களே கட்ட வேண்டும். வருசம் முடிய முதல் அத்திவாரக் கணக்குக் காட்ட வேண்டுமென்று எனக்கு மேலிருந்து நெருக்கடி. ஒரு காலைக் கூட்டத்தில், எங்கள் குழுவில் இருந்த ஓர் அக்கா, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னா: “தம்பி, கிழக்குப் பக்கக் காணியள் பள்ளம். குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா அதாலதான் தண்ணி வரும். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் இப்ப வெட்ட வேண்டாம்.” நான் தாளிலிருந்து தலை நிமிர்த்தாமல் “பாப்பம் அக்கா” என்றேன். ஐப்பசியில் வெட்டினோம். மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்தது. பன்னிரண்டு கிடங்கும் இடுப்பளவு தண்ணீர். வெட்டுக்கூலி கொடுத்த காசு அந்தச் சனத்தின் காசு. மண் இடிந்து விழுந்த ஒரு கிடங்கின் கரையில் ஒரு தாய் நின்று என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்த அக்காவிடம் கேட்டேன், ஏன் திரும்பச் சொல்லவில்லை, ஏன் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை என்று. “ஒருக்காச் சொன்னனான்தானே, தம்பி” என்றா. அதில் கோபம் இருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கேட்பதும் விடுவதும் உன் பாடு என்ற மாதிரி. எத்தனையோ பேரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, எத்தனையோ தரம் இடம்பெயர்ந்து, முகாமில் வரிசையில் நின்று வந்த சனம் நாங்கள். பொறுப்பில் இருப்பவரிடம் ஒன்றை இரண்டாந்தரம் சொல்வது எங்களில் பலருக்குப் பழக்கமில்லாத காரியம். அந்த ஒருதரத்தைப் பிடித்துக்கொள்வது இணைப்பாளரின் வேலை. நான் அன்றைக்குத் தவறவிட்டேன்.

இனி லீவுக்கு வருகிறேன். எழுத மனம் கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். மே மாத நடுப்பகுதியில் முல்லைத்தீவில் ஒருவர் லீவு கேட்டால், ஏன் என்று கேட்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான 18ஆம் திகதியை ஒட்டிய நாள்களில் யார் வீட்டில் யாருக்கு விளக்கு வைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வருகைக்கு முதல்நாள் ஆயத்தத்துக்கு ஆள் வேண்டும், அந்த அக்காவைப் போல வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று நினைத்து மறுத்திருப்பீர்கள். உங்கள் நெருக்கடி எனக்கு விளங்குகிறது. ஆனால் அவ பக்கத்தில் நின்று பாருங்கள். மற்ற இரண்டு பேருக்கும் கிடைத்தது, தனக்குக் கிடைக்கவில்லை. அவ வேலைக்கு வந்தா, கதிரை அடுக்கினா, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தா. அதன்பிறகு எல்லாரோடும் சேர்த்து உங்கள் ஏச்சையும் வாங்கினா. பதவி கிடைக்காத மனத்தாங்கலால்தான் அவ பேசாமல் இருக்கிறா என்று மற்றவர்கள் சொல்வதை நீங்கள் நம்பிவிட்டீர்கள். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். இது அதைவிடக் கிட்டே இருக்கிற காயம்.

அடுத்த வருசத்துக்கு இப்போதே நிதி வழங்குநருக்கு எழுதிப்போடுங்கள்: மே மாதத்தின் நடு இரண்டு கிழமைகளில் கள வருகை வேண்டாம் என்று. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நாள்களையும் சேர்த்து எழுதுங்கள். அன்று முல்லைத்தீவில் கூட்டம் வைத்தால் கதிரைகளோடுதான் கதைக்க வேண்டிவரும். தைக்கும் பங்குனிக்கும் இடையில் காலபோக அறுவடை. புரட்டாதி முடிந்தால் மழை. அதற்குப் பிறகு குளக்கட்டில் மண் வேலை செய்ய ஏலாது. நிதி வழங்குநரின் நாட்காட்டி தையில் தொடங்கி மார்கழியில் முடியும். வன்னியின் வருசம் முதல் மழையோடு தொடங்கும். இரண்டையும் ஒரே பெரிய தாளில் வரைந்து கந்தோர்ச் சுவரில் ஒட்டுங்கள். வரையும்போது குழு முழுவதும் சுற்றி நிற்கட்டும். அவரவர் வீட்டுத் திவசம், கோயில் திருவிழா, பிள்ளையின் சோதனை நாள் எல்லாம் அதில் ஏறட்டும்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால் நடந்ததை எல்லாருக்கும் முன்னால்தான் திருத்த வேண்டும். நீட்ட வேண்டாம். “அண்டைக்கு நான் கத்தினது பிழை. வேலை பிந்தினது வேற கதை, அதை இருந்து கதைப்பம். கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்.” இவ்வளவு போதும். “ஆனா நீங்களும்...” என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பு வீண். 29 வயதில், தன்னைவிட மூத்தவர்களுக்கு முன் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயப்படுவீர்கள். நானும் அப்படிப் பயந்தவன்தான். போகவில்லை.

பிறகு திங்கட்கிழமைக் கூட்டத்தின் ஒழுங்கை மாற்றுங்கள். இந்தக் கிழமை எது பிந்தப் போகிறது, எது பிழைக்கப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள். சாரதியில் தொடங்குங்கள், ஏனென்றால் மூன்று குளத்துக்கும் போய்வருகிற ஒரே ஆள் அவர்தான். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதல் இரண்டு கிழமையும் ஒன்றும் வராது. மூன்றாம் கிழமை யாரோ ஒருவர் சின்னதாக ஒன்று சொல்வார், மணல் லோட் வரவில்லை என்கிற மாதிரி. எல்லாருடைய கண்ணும் அப்போது உங்கள் முகத்தில் இருக்கும். “சொன்னது நல்லது. இப்ப என்ன செய்வம்?” என்று மட்டும் கேளுங்கள். ஏன் முந்தியே சொல்லவில்லை என்ற கேள்வி வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள்.

ரீ.ஓமாரும் ஊக்குவிப்பாளர்களும் ஒத்துவராதது குணப் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்: மண் ஒருவருக்கு, மனிதர் ஒருவருக்கு. குளத்தில் அது பிரியாது.

ஓர் உதாரணம். கட்டுக்கு மண் போடும்போது அரையடிப் படையாகப் பரப்பி, ஈரம் காணாவிட்டால் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, உருட்டி, பிறகுதான் அடுத்த படை. வயலுக்குத் தண்ணீர் இல்லாத நாளில் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கும் கமக்காரருக்கு வயிறு எரியும். வந்து ஊக்குவிப்பாளரிடம் கேட்பார். அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியாது. “ரீ.ஓவைக் கேளுங்கோ” என்பா. ரீ.ஓ “அது ரெக்னிக்கல் விசயம்” என்பார். அடுத்த நாள் கதை கிராம சேவையாளரிடம் போய் நிற்கும். அந்தப் பிள்ளையை ரீ.ஓ ஒருநாள் குளக்கட்டில் நிறுத்தி, ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்துப் பொத்திப் பார்க்கச் சொல்லட்டும். உருண்டையாக நின்றால் ஈரம் சரி. உதிர்ந்தால் தண்ணீர் காணாது. விரலில் ஒட்டினால் கூடிப்போச்சு. இது விளங்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த முறை கமக்காரர் வந்து கேட்டால், அவ அதே மண்ணை எடுத்து அவர் கையில் வைப்பா. மறுபக்கமும் இப்படித்தான். மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை எந்தப் பாதையால் கொண்டுபோவது என்று ரீ.ஓ வரைபடத்தில் பார்ப்பார். அந்தப் பாதையில் யாருடைய உழுந்து நிற்கிறது, எந்த வேலிக்கு ஏற்கெனவே வழக்கு இருக்கிறது என்பது ஊக்குவிப்பாளருக்குத்தான் தெரியும்.

ஆகவே குளத்துக்குக் குளம் சேர்த்துப் போடுங்கள். துருசு பிந்திய குளத்துக்கு ஒரு ரீ.ஓ முழுநேரம், மற்ற இரண்டுக்கும் மற்றவர். ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் ஊக்குவிப்பாளர். கள அறிக்கை ஒன்றுதான், கையெழுத்து இரண்டு. ஒருவர் ஒப்பவில்லையென்றால் அந்த அறிக்கை உங்கள் மேசைக்கு வரக்கூடாது. ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வரச் சொல்லாதீர்கள். எங்கள் ஊர்வாய் உங்களுக்குத் தெரியும், பாதிப்பு அந்தப் பெண்பிள்ளைகளுக்குத்தான். தனித்தனியாகப் போய்க் குளக்கட்டில் சந்திக்கட்டும்.

சனம் வருகுதில்லை என்பதற்கும் ஒரு காரணம் கேட்கிறேன். கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? காலை பத்து மணியென்றால், கூலிவேலைக்குப் போனவர்கள் எப்படி வருவார்கள்? பின்னேரம் நாலரைக்கு மேல், கோயிலடியிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ வையுங்கள். அதற்கு ரீ.ஓமார் நிற்க வேண்டும். வெள்ளி மத்தியானம் கிளம்புகிறார்கள் என்று மனம் நோக வேண்டாம். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல், பிள்ளைகுட்டிக்காரர். அந்த நேரத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிட்டு, புதன் பின்னேரத்தை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கள்ளமாகப் போகத் தேவையில்லை என்று தெரிந்தால் புதனுக்குத் தாராளமாக நிற்பார்கள். 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. நீங்கள் போனபிறகு அதைப் பார்க்கப் போவது கமக்காரர் அமைப்பு. துருசுக் கதவுக்குக் கிறீஸ் பூசுவதிலிருந்து வாய்க்கால் துப்பரவு வரை அவர்கள் தலையில்தான். அந்தப் பின்னேரக் கூட்டம் நடக்காமல் போனால், கட்டை எவ்வளவு உறுதியாகக் கட்டியும் பயன் குறைவு.

ஒப்பந்தம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மார்கழியோடு முடிகிற ஒப்பந்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஆவணியிலிருந்தே எல்லாரும் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள். மழைக்கு முந்திய அந்த இரண்டு மாதம்தான் உங்களுக்கு ஆள் வேண்டிய காலம். நீடிப்பு உண்டா இல்லையா என்பதை நிறுவனத்திடம் இப்போதே கேட்டு, தெரிந்ததைத் தெரிந்தபடி குழுவுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் மாதாமாதம் போகிறதா என்று கணக்காளரோடு இருந்து ஒருதரம் பார்த்துவிடுங்கள். இத்தனை வருசம் வேலை செய்த மூத்த அக்காவுக்குப் பணிக்கொடை எப்படிக் கணக்கிடப்படும் என்றும் கேட்டுவையுங்கள். டக்மன் தன் நான்கு கட்டங்களோடு 1977இல் ஐந்தாவதாகப் பிரிதலைச் சேர்த்தார். எங்கள் செயற்றிட்டங்களில் அதைத்தான் ஒருவரும் திட்டமிடுவதில்லை.

திருகோணமலைக்குப் போகலாம், துருசுக் கதவு பொருத்திய பிறகு. இப்போது போனால் பஸ்ஸில் முன்பக்கம் ரீ.ஓமார், பின்பக்கம் ஊக்குவிப்பாளர்கள், நடுவில் நீங்கள் தனியே இருப்பீர்கள். அதற்கு முதல், கிழமையில் ஒருநாள் மத்தியானம் எல்லாரும் குளக்கட்டு மருதமர நிழலில் இருந்து சாப்பிடுங்கள். ரீ.ஓமார் கடைச் சாப்பாடும் மற்றவர்கள் வீட்டுச் சாப்பாடுமாகத் தனித்தனியே சாப்பிடுவது பல கந்தோர்களில் நடப்பதுதான். ஒரு சட்டி மீன்குழம்பு அதை மெல்ல மாற்றும்.

மூத்த அக்காவை மாற்ற வேண்டாம். மூன்று குளத்துக்கும் சனத்தோடு கூட்டம் எப்போது, எங்கே, யாருடைய காணியால் இயந்திரம் போவது என்பவற்றை அவவின் முடிவுக்கு விடுங்கள். அவ எடுத்த முடிவை நீங்கள்கூட அவவைக் கேட்காமல் மாற்றக்கூடாது. பதவிப் பெயர் கொடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம். இது முடியும்.

இந்த ஞாயிறு பின்னேரம் அவ வீட்டுக்குப் போங்கள், தனியாக. கந்தோர் வாகனத்தில் போக வேண்டாம். தேத்தண்ணி தருவா, குடியுங்கள். லீவு மறுத்தது பிழை என்று சொல்லுங்கள். படத்துக்கு முன்னால் விளக்கு இருந்தால், யார் என்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். வேலைக் கதையை அவ எடுத்தால் மட்டும், ஒன்று கேட்கலாம்: “அக்கா, மூண்டு குளத்தில மழைக்கு முதல் எது முடியாது எண்டு நினைக்கிறியள்?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவ சொல்வதை அவவுக்கு முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். கூட்டத்தில் சொல்லலாமா என்று கேளுங்கள். ஓம் என்றால், திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்ட கையோடு, அக்கா சொன்னது என்று சொல்லி அந்தக் குளத்திலிருந்து தொடங்குங்கள்.